பதினெட்டு ஆண்டுக் கணக்கு: சந்திர கிரகணங்கள் திரும்பி வரும் விதம்



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சந்திர கிரகணம். கிரகணம் எப்படி உண்டாகிறது என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். நடுவில் பூமி, ஒரு பக்கம் சூரியன், மறு பக்கம் நிலவு. பூமியின் நிழல் நிலவின் மேல் விழுகிறது. அதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அந்தப் பாடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. கிரகணங்கள் குடும்பம் குடும்பமாக வருகின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிறப்பும் வளர்ச்சியும் முடிவும் உண்டு. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு கிரகணங்களுக்கு நடுவே பதினெட்டு ஆண்டும் சில நாட்களும் ஓடுகின்றன. இதை மனிதன் கண்டுபிடித்தது தொலைநோக்கியால் அன்று. தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த குறிப்புகளால் கண்டுபிடித்தான். அந்தக் கதையையும், அதிலிருந்து நாம் கற்க வேண்டிய ஒரு பாடத்தையும் உங்கள் முன் வைக்கிறேன்.

நான்கு கிரகணங்கள்

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு. நம் நாடு முழுவதும் தெரிந்த முழு சந்திர கிரகணம். இரவு 9.57 மணிக்கு நிழல் நிலவின் விளிம்பைத் தொட்டது. பதினொரு மணியளவில் நிலவு முழுவதும் நிழலுக்குள் போய்ச் செம்பு நிறமானது. சுமார் 82 நிமிடம் அப்படியே இருந்தது. கிரகணத்தின் நடுவேளை இரவு 11.42.

இந்தக் கிரகணத்தின் முன்னோடியைத் தேடுவோம். பதினெட்டு ஆண்டு பத்து நாள் பின்னே போனால் 2007 ஆகஸ்ட் 28. அன்றும் முழு சந்திர கிரகணம். நடுவேளை நம் நேரப்படி மாலை 4.07. இன்னும் ஒரு சுற்று பின்னே போனால் 1989 ஆகஸ்ட் 17. அதுவும் முழு கிரகணம். நடுவேளை காலை 8.38. மேலும் ஒரு சுற்று போனால் 1971 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு. நடுவேளை நள்ளிரவு தாண்டி 1.13.

இந்த நான்கு நேரங்களையும் வரிசையாகப் பாருங்கள். நள்ளிரவுக்குப் பின் 1.13, காலை 8.38, மாலை 4.07, இரவு 11.42. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஏழரை மணி நேரம் தள்ளிப் போகிறது. 1989இலும் 2007இலும் கிரகணம் நடந்தபோது தமிழ்நாட்டில் பகல். நிலவு நம் வானத்தில் இல்லை. அமெரிக்கக் கண்டங்களிலும் பசிபிக் பகுதியிலும் இருந்தவர்கள் பார்த்தார்கள். மூன்று சுற்று முடிந்து, ஐம்பத்து நான்கு ஆண்டு ஒரு மாதம் கழித்து, அதே குடும்பத்துக் கிரகணம் நம் இரவுக்குத் திரும்பி வந்தது. இந்த அவையில் உள்ள மூத்தவர்களில் 1971 ஆகஸ்டில் அந்தச் சிவந்த நிலவைப் பார்த்தவர்கள் இருந்தால், 2025இல் அவர்கள் பார்த்தது அதன் நேர் வாரிசு.

அடுத்த மூன்று சுற்றுகளையும் சொல்லிவிடலாம். 2043 செப்டம்பர் 19, 2061 செப்டம்பர் 29, 2079 அக்டோபர் 10. மூன்றாவது கிரகணத்தின் நடுவேளை நம் நேரப்படி இரவு பதினொரு மணி. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளோடு அதைப் பார்க்கலாம்.

பௌர்ணமிதோறும் ஏன் இல்லை?

நிலவு பூமியைச் சுற்றும் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்குச் சுமார் ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலவு பூமியின் நிழலுக்கு மேலேயோ கீழேயோ கடந்து போய்விடுகிறது. அந்த இரண்டு தளங்களும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளைத்தான் நம் சோதிட நூல்கள் ராகு, கேது என்று கணக்கில் வைத்திருக்கின்றன. பௌர்ணமி நிகழும் வேளையில் நிலவு இந்தப் புள்ளிகளில் ஒன்றுக்கு அருகில் இருந்தால் மட்டுமே கிரகணம். ராகுவும் கேதுவும் நிலைத்து நிற்பவை அல்ல. அவை எதிர்த்திசையில் நகர்ந்து பதினெட்டரை ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஒரு சுற்றை முடிக்கின்றன.

ஆக, நிலவுக்கு ஒரே ஒரு மாதம் கிடையாது. கிரகணக் கணக்குக்கு மூன்று மாதங்கள் வேண்டும். பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை சராசரி 29.5306 நாள். ராகுவிலிருந்து புறப்பட்டு மறுபடி ராகுவை அடைய 27.2122 நாள். பூமிக்கு மிக அருகில் வரும் இடத்திலிருந்து மறுபடி அந்த இடத்துக்கு வர 27.5546 நாள். முதல் மாதம், கிரகணம் நிகழக்கூடிய நாளைச் சொல்கிறது. இரண்டாவது, நிகழுமா என்பதைச் சொல்கிறது. மூன்றாவது, நிலவு எவ்வளவு பெரிதாகத் தெரியும், எவ்வளவு வேகமாக நிழலைக் கடக்கும் என்பதைச் சொல்கிறது.

ஒரு பேருந்து நிலையத்திலிருந்து மூன்று தடத்துப் பேருந்துகள் வெவ்வேறு இடைவெளியில் புறப்படுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே நிமிடத்தில் புறப்பட்டால், மறுபடி மூன்றும் ஒன்றாகப் புறப்படும் நேரத்தைத் தேட வேண்டும். நிலவின் மூன்று மாதங்களுக்கும் அந்தத் தேடலைச் செய்தால் வரும் விடை வியப்பானது.

223 பௌர்ணமி மாதங்கள் சேர்ந்தால் 6,585.32 நாள். 242 ராகு மாதங்கள் சேர்ந்தால் 6,585.36 நாள். 239 அண்மை மாதங்கள் சேர்ந்தால் 6,585.54 நாள். பதினெட்டு ஆண்டு நீளத்தில் மூன்று கணக்குகளும் சில மணி நேர வித்தியாசத்தில் வந்து கூடுகின்றன. அதோடு, இந்தக் காலம் பதினெட்டு முழு ஆண்டுக்குப் பத்து அல்லது பதினோரு நாள்தான் கூடுதல். ஆகவே பருவமும் ஏறக்குறைய அதேதான். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவும் பெரிதாக மாறுவதில்லை. ஒரு கிரகணத்தை உருவாக்கிய அத்தனை நிலைமைகளும் இவ்வாறு மறுபடி கூடுகின்றன. இடையில் வரும் லீப் ஆண்டுகள் நான்கா ஐந்தா என்பதைப் பொறுத்துத் தேதியில் ஒரு நாள் மாறும்.

அந்த 6,585 நாளுக்கு மேல் மிஞ்சும் 7 மணி 43 நிமிடம்தான் கிரகணத்தை ஒவ்வொரு சுற்றிலும் வேறு நாட்டுக்குத் தள்ளுகிறது. அந்த நேரத்தில் பூமி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுழன்றுவிடுகிறது.

வானியலாளர்கள் இந்தச் சுழற்சியைச் சாரோஸ் என்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலி வைத்த பெயர் அது. அந்தப் பெயர் இதற்குப் பொருந்தாது என்று 1756இல் மறுத்து எழுதியவர் கியோம் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சுக்காரர். பெயர் நிலைத்துவிட்டது. லெ ஜாந்தி நம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அவரை இந்த உரையில் மறுபடி சந்திப்போம்.

களிமண்ணில் எழுதிய இரவுகள்

இந்தக் கணக்கைக் கண்டவர்கள் இன்றைய இராக்கில் இருந்த பாபிலோன் நகரத்து எழுத்தர்கள். கி.மு. 8ஆம் நூற்றாண்டு முதல் அவர்கள் வானத்தைப் பார்த்து ஈரக் களிமண் பலகைகளில் குறித்து வந்தார்கள். ஆட்சிகள் மாறின. அசீரியர் போனார்கள், பாரசீகர் வந்தார்கள், அலெக்சாந்தரும் அவருக்குப் பின் கிரேக்கர்களும் ஆண்டார்கள். குறிப்பு எழுதும் வேலை மட்டும் பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது. அந்தப் பலகைகளில் பெரும்பகுதி இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கி.மு. 721 மார்ச் 19ஆம் தேதி இரவு பாபிலோனில் கண்ட முழு சந்திர கிரகணத்தைச் சுமார் 870 ஆண்டுகள் கழித்து அலெக்சாந்திரியாவில் இருந்த வானியலாளர் தாலமி தன் நூலில் பயன்படுத்தினார். நிலவு உதித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு கிரகணம் தொடங்கியது என்பது வரை அவருக்குக் குறிப்பு கிடைத்திருந்தது.

பாபிலோனியர் இந்தக் குறிப்புகளை அடுக்கிய விதத்தைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பதினெட்டு ஆண்டுக்கு ஒரு பத்தியாகப் பலகையைப் பிரித்தார்கள். ஒரு பத்தியில் 38 இடங்கள். கிரகணம் நிகழக்கூடிய 38 பௌர்ணமிகள் அவை. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வழக்கமாக ஆறு மாதம், சில சமயம் ஐந்து மாதம். ஆறு மாத இடைவெளி 33, ஐந்து மாத இடைவெளி 5. பெருக்கிக் கூட்டினால் 198 மாதமும் 25 மாதமும் சேர்ந்து 223. கணக்கு மிச்சமின்றி அடைகிறது. அந்த 38 இடங்களை எட்டு, ஏழு, எட்டு, ஏழு, எட்டு என்று ஐந்து தொகுதிகளாகக் கட்டியிருந்தார்கள். பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே வரிசையில் இருக்கும் கிரகணங்கள் எல்லாம் ஒரே குடும்பம். நாம் இப்போது பார்த்த 1971, 1989, 2007, 2025 என்ற வரிசை அவர்கள் பலகையில் இடமிருந்து வலமாக ஒரே கோட்டில் அமரும்.

பாபிலோனில் தெரியாது என்று அவர்களுக்கே தெரிந்த கிரகணங்களையும் அவர்கள் குறித்து வைத்தார்கள். பகலில் நடந்து போன கிரகணத்துக்கும் பலகையில் இடம் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதியிருந்தால் இந்த ஒழுங்கு அகப்பட்டிருக்காது.

அவர்கள் அச்சமற்றவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கிரகணம் அரசனுக்கு ஆபத்து என்று உறுதியாக நம்பினார்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் எசர்ஹாத்தோன் காலத்தில், கெட்ட கிரகணம் வந்தால் வேறொருவனை அரியணையில் உட்கார வைத்து அபசகுனத்தை அவன் தலையில் இறக்கும் சடங்கு நடந்தது. அது பற்றிய அரண்மனைக் கடிதங்களே கிடைத்திருக்கின்றன. அச்சத்தால் பார்க்கத் தொடங்கினார்கள். பார்த்ததை ஒழுங்காக எழுதினார்கள். எழுதியதில் விதி கிடைத்தது.

காரணம் அறிந்த நகரம்

இதன் மறுபக்கத்தை ஏதென்ஸில் காணலாம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த அனாக்ஸகோரஸ், நிலவு சூரிய ஒளியால் ஒளிர்கிறது, பூமி இடையில் வருவதால் கிரகணம் உண்டாகிறது என்று சொல்லிவிட்டார். காரணம் தெரிந்த நகரம் அது. ஆனால் அடுத்த கிரகணம் எப்போது என்ற கணக்கு அவர்களிடம் இல்லை.

கி.மு. 413 ஆகஸ்ட் 27 இரவு, சிசிலித் தீவில் சிரக்யூஸ் நகரை முற்றுகையிட்டுத் தோற்றுக்கொண்டிருந்த ஏதென்ஸ் படை கப்பலேறித் தப்பிக்கத் தயாராக இருந்தது. நிலவு மறைந்தது. தளபதி நிகியாஸ் குறி சொல்பவர்களைக் கேட்டார். மூன்று ஒன்பது, அதாவது இருபத்தேழு நாள் நகரக் கூடாது என்றார்கள். படை தங்கியது. அந்தத் தாமதத்தில் எதிரிகள் துறைமுக வாயிலை அடைத்தார்கள். கடற்படை அழிந்தது, தளபதியும் கொல்லப்பட்டார். வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

பாபிலோனில் கணக்கு இருந்தது. காரணம் பற்றிய கேள்வியை அவர்களுடைய பலகைகளில் காண முடியவில்லை. ஏதென்ஸில் காரணம் இருந்தது, கணக்கு இல்லை. இரண்டும் சேர்ந்த பிறகே கிரகண அறிவு முழுமையானது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸும், பின்னர் தாலமியும் பாபிலோனின் எண்களை எடுத்துக் கிரேக்க வடிவியலோடு இணைத்தார்கள்.

அந்த இணைப்பின் கண்கூடான சாட்சி ஒரு கப்பல் சேதத்தில் கிடைத்தது. 1901இல் கிரீஸின் அண்டிகிதெரா தீவருகே கடலடியிலிருந்து எடுக்கப்பட்ட, துருவேறிய வெண்கலப் பற்சக்கரங்கள் கொண்ட கருவி அது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது. 2005இல் அதைச் சிறப்பு எக்ஸ்ரே கருவியால் படம் பிடித்து ஆராய்ந்தபோது பின்புறத்தில் சுருளாக நான்கு சுற்று வரும் ஒரு முகப்பு தெளிவானது. அதில் 223 கட்டங்கள், மாதத்துக்கு ஒன்று. கிரகணம் வரக்கூடிய மாதத்தின் கட்டத்தில் நிலவுக்கு ஓர் எழுத்தும் சூரியனுக்கு ஓர் எழுத்தும், அருகே நேரமும் பொறிக்கப்பட்டிருந்தன. அந்தச் சுருளுக்குள் சிறிய முகப்பு ஒன்று மூன்று பகுதியாகப் பிரிந்திருந்தது. முதல் சுற்றில் ஒன்றும் கூட்ட வேண்டாம், இரண்டாம் சுற்றில் எட்டு மணி, மூன்றாம் சுற்றில் பதினாறு மணி கூட்டிக்கொள் என்பது அதன் பொருள். 1971 முதல் 2025 வரை நாம் கண்ட அந்த நேர நகர்வை ஒரு கைவினைஞர் வெண்கலத்தில் செய்து வைத்திருந்தார்.

புதுச்சேரியில் சோழிக் கணக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். லெ ஜாந்தி 1768இல் புதுச்சேரியில் வந்து இறங்கினார். சூரியனை வெள்ளி கடக்கும் காட்சியைப் பார்ப்பது அவர் நோக்கம். 1761இல் அந்தக் காட்சி நிகழ்ந்தபோது கடலில் இருந்ததால் முறையாக அளக்க முடியவில்லை. 1769 ஜூனில் மேகம் மறைத்தது. ஆனால் காத்திருந்த நாட்களில் அவர் வேறொரு செல்வத்தைக் கண்டார். தமிழர் ஒருவரிடம் இங்குள்ள கிரகணக் கணித முறையைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னபோது, அந்தத் தமிழர் அவர் கண்முன்னே முக்கால் மணி நேரத்துக்குள் கணித்து முடித்தார். கிரகணம் நீடித்த காலத்தில் வந்த பிழை 41 விநாடி. அன்று ஐரோப்பாவில் மிகச் சிறந்தவை எனப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணைகள் தந்த பிழை 68 விநாடி.

இன்னொரு சாட்சி ஜான் வாரன். சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்த ராணுவ அதிகாரி. நம் காலக்கணித முறைகளைத் தொகுத்து 1825இல் சென்னையில் ‘கால சங்கலித’ என்ற நூலை அச்சிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக்காரர் ஒருவர், அந்த ஆண்டு மே 31, ஜூன் 1 இரவில் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் விவரித்திருக்கிறார். அந்தப் பஞ்சாங்கக்காரர் கையில் ஏடு இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். எண்கள் எல்லாம் சொற்களாக மாற்றப்பட்டு அவர் நினைவில் இருந்தன. சொல்லைச் சொல்வார், அது குறிக்கும் எண்ணுக்கேற்பச் சோழிகளைக் கூட்டுவார், நகர்த்துவார், எடுப்பார். கோட்பாடு எதுவும் அவருக்குத் தெரியவில்லை, நினைவாற்றல் மட்டும் அபாரம் என்று வாரன் எழுதினார்.

அந்தச் சொற்கள்தாம் வாக்கியங்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. எழுத்துக்கு எண் மதிப்பு தரும் கடபயாதி முறையில் 248 வாக்கியங்கள். வரருசி என்னும் பழங்காலக் கணிதர் செய்தவை என்பது மரபு. நிலவு பூமிக்கு அருகில் வரும் அந்த 27.55 நாள் மாதத்தை ஒன்பது முறை எடுத்தால் 247.99 நாள், அதாவது 248. நாளுக்கு ஒரு வாக்கியம். 110 முறை எடுத்தால் 3,031 நாள். 449 முறை எடுத்தால் 12,372 நாள். இவற்றையும் நம் கணிதர்கள் பயன்படுத்தினார்கள். கணக்கிட வேண்டிய நாளிலிருந்து பெரிய எண்ணை முதலில் கழித்து, அடுத்து சிறியதைக் கழித்து, கடைசியில் மிஞ்சுவது எத்தனையாவது வாக்கியம் என்று பார்த்தால் நிலவின் இடம் கிடைத்துவிடும்.

1952இல் ஓட்டோ நொய்கெபவர் என்ற அறிஞர் ‘தமிழ் வானியல்’ என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். பாபிலோனியப் பலகைகளைப் படிப்பதில் தலைசிறந்தவர். 248 என்ற எண் பாபிலோனிலும் இருக்கிறது. எகிப்தில் கிடைத்த கிரேக்க பாப்பிரஸ் ஏடுகளில் 248, 3,031 இரண்டுமே இருக்கின்றன. மேற்கே கி.பி. முதல் நூற்றாண்டுகளிலேயே வழக்கொழிந்துபோன ஒரு கணித மரபு, புதுச்சேரியில் 1825இல் ஒரு மனிதரின் விரல் நுனியில் உயிரோடு இருந்தது. இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி என்பதில் எனக்கு ஐயமில்லை.

பெருமையோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கான செய்தியும் அதே கட்டுரையாளரிடம் இருக்கிறது. அந்தப் பஞ்சாங்கக்காரரின் 1825ஆம் ஆண்டுக் கணிப்பை இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் வித்தியாசம். லெ ஜாந்தி கண்ட 41 விநாடியைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 52 நிமிடத்தை யாரும் சொல்வதில்லை. 41 விநாடி என்பது கிரகணம் நீடித்த காலத்தில் வந்த பிழை. எந்த நேரத்தில் தொடங்கி எப்போது முடிந்தது என்பதில் வரும் பிழை வேறு. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. நினைவு அந்தக் கணக்கை நூற்றாண்டுகளாகக் காத்தது. வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது அந்த நினைவின் வேலையாக இல்லை.

திருத்தியவர்கள்

திருத்தியவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. பூமியின் நிழலே நிலவை மறைக்கிறது என்று கி.பி. 499இல் ஆரியபடர் எழுதிவிட்டார். பதினைந்தாம் நூற்றாண்டில் கேரளத்தின் வடசேரி இல்லத்தைச் சேர்ந்த பரமேசுவரர், கிரகணங்களை ஐம்பத்தைந்து ஆண்டுகள் விடாமல் பார்த்தார். கணிப்புக்கும் காட்சிக்கும் உள்ள இடைவெளியைக் குறித்து, 1431இல் திருத்திய கணித முறையை வகுத்தார். திருக்கணிதம் என்ற பெயர் அங்கிருந்து வருகிறது. ஐம்பத்தைந்து ஆண்டு என்பது ஏறக்குறைய சாரோஸ் மூன்று சுற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கங்கள் வானத்தோடு ஒத்துப்போகும்படி திருத்தப்பட வேண்டும் என்று தம் வாழ்நாள் முழுவதும் வாதாடினார்.

திருத்தம் ஏன் ஓயாமல் வேண்டியிருக்கிறது? சாரோஸ் குடும்பத்துக்கே முடிவு உண்டு என்பதுதான் விடை. 223 பௌர்ணமி மாதங்களுக்கும் 242 ராகு மாதங்களுக்கும் சுமார் 52 நிமிட வித்தியாசம் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் கிரகணம் நிகழும் இடம் ராகு அல்லது கேதுவிலிருந்து அரைப் பாகை அளவுக்கு நகர்கிறது. சிறிய நகர்வுதான். ஆயிரம் ஆண்டில் அது குடும்பத்தையே முடித்துவிடும்.

2025 கிரகணத்தின் குடும்பத்துக்கு 128 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். அது 1304 ஜூன் 18 அன்று பிறந்தது. தொடக்கத்தில் ஏழு கிரகணங்கள், அடர்ந்த கருநிழலைச் சூழ்ந்துள்ள மங்கலான புறநிழலில் மட்டும் நடந்தன. கண்ணுக்கு எதுவும் பெரிதாகத் தெரிந்திருக்காது. 1430இல் முதல் முறையாகக் கருநிழல் நிலவைத் தொட்டது. அதன்பின் 23 பகுதி கிரகணங்கள். 1845 மே 21 அன்று முதல் முழு கிரகணம். 1953 ஜூலை 26 அன்று உச்சம். 100 நிமிடம் 43 விநாடி முழு மறைப்பு. அங்கிருந்து இறக்கம். 1971இல் 99 நிமிடம், 1989இல் 96, 2007இல் 90, 2025இல் 82. கடைசி முழு கிரகணம் 2097இல். பிறகு 19 பகுதி கிரகணங்கள், ஏழு புறநிழல் கிரகணங்கள். 2566 ஆகஸ்ட் 2 அன்று எழுபத்தொன்றாவது கிரகணத்தோடு குடும்பம் முடிகிறது. 1,262 ஆண்டு வாழ்க்கை.

ஒரு குடும்பம் மறைவதற்குள் வேறொன்று பிறந்துவிடும். பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்களை இணைக்கும் வேறொரு சுழற்சியும் உண்டு. அது 29 ஆண்டுக்கு இருபது நாள் குறைவு, 358 பௌர்ணமி மாதம். 1996 செப்டம்பர் 27 அன்று நிகழ்ந்த முழு கிரகணம் 127ஆம் குடும்பம். அங்கிருந்து 29 ஆண்டு போய் இருபது நாள் கழித்தால் 2025 செப்டம்பர் 7. இதற்கு இனெக்ஸ் என்று பெயர். நெதர்லாந்தைச் சேர்ந்த வான் டென் பெர்க் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த இரண்டு சுழற்சிகளையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, கிரகணங்கள் அனைத்தையும் ஒரே அட்டவணையில் அடக்கினார். பாபிலோனின் களிமண் பத்திகள் அங்கே மறுபிறவி எடுத்தன.

பழைய குறிப்பின் புதிய பயன்

இன்று கணினி இருக்கும்போது இந்தப் பழைய குறிப்புகள் எதற்கு என்று கேட்கலாம். பூமியின் சுழற்சி கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகிறது. ஒரு நூற்றாண்டில் ஒரு நாளின் நீளம் சராசரியாக ஏறக்குறைய 1.8 மில்லிவிநாடி கூடுகிறது. இவ்வளவு சிறிய மாற்றத்தை நீண்ட காலத்துக்கு அளப்பது எப்படி? ஸ்டீபன்சன் என்ற பிரிட்டிஷ் வானியலாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் பாபிலோனியக் கிரகணக் குறிப்புகளை எடுத்தார்கள். பூமி எப்போதும் ஒரே வேகத்தில் சுழன்றிருந்தால் அந்தக் கிரகணங்கள் எந்த மணிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். எழுத்தர்கள் எழுதிய நேரத்துக்கும் அதற்கும் பல மணி நேர வித்தியாசம் வந்தது. இருபத்தேழு நூற்றாண்டில் திரண்ட அந்த வித்தியாசத்திலிருந்து பூமி மெதுவாகும் வேகத்தைக் கணித்தார்கள். அபசகுனம் பார்க்க எழுதிய குறிப்பு, பூமியின் சுழற்சியை அளக்கப் பயன்பட்டது. எழுதியவன் நேர்மையாக எழுதியிருந்தால் போதும். அதன் பயன் என்ன என்பதை அவன் அறிந்திருக்க வேண்டியதில்லை.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2028 டிசம்பர் 31, ஞாயிற்றுக்கிழமை இரவு, புத்தாண்டு பிறப்பதற்குச் சற்று முன் நம் வானத்தில் முழு சந்திர கிரகணம் வருகிறது. நடுவேளை இரவு 10.22. முழு மறைப்பு சுமார் 71 நிமிடம். அது 1974 நவம்பர் 29 இரவு நம் நாட்டில் தெரிந்த கிரகணத்தின் மூன்றாம் சுற்று. அதைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். கண்ணுக்கு எந்தக் கேடும் இல்லை. வீட்டு மொட்டை மாடியில் குடும்பத்தோடு நில்லுங்கள். அச்சத்தால் கதவை மூடிக்கொள்பவர்களை அன்போடு வெளியே அழைத்து வாருங்கள். நிழல் தொட்ட நேரம், முழுதும் மறைந்த நேரம், வெளிச்சம் மறுபடி எட்டிப் பார்த்த நேரம், நிழல் விலகிய நேரம், நிலவின் நிறம், வானத்தின் நிலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டிலுள்ள பஞ்சாங்கம் சொல்லும் நேரத்தை அதன் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். மேகம் மறைத்தால், மேகம் மறைத்தது என்று எழுதுங்கள். அந்த நோட்டைப் பள்ளி, கல்லூரி நூலகத்தில் ஒப்படையுங்கள். நூலகர்களே, அதைப் பாதுகாத்து வையுங்கள்.

முன்னோர் காத்துத் தந்த கணக்கை மனப்பாடமாக ஒப்பிப்பதோடு நாம் நின்றால் பிழை 52 நிமிடத்தோடு நிற்காது. பார்ப்பதும், பார்த்ததை எழுதுவதும், எழுதியதைக் கொண்டு பழையதைத் திருத்துவதும் நம் கடமை. அதை 2028 டிசம்பர் 31 அன்று தொடங்குங்கள்.